கிளாசிக் ராக்: பிற்கால ஆல்பங்களைப் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாசிக் ராக், அதாவது 60, 70களில் எழுந்த ராக் குழுக்களின் இசை. அதன் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் “அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் உருப்படியா போடல” என்பதில்தான் வந்து நிற்கும். இன்னொருவர் மறுப்பார். அப்புறம் விடிய விடியச் சண்டை. ரசனை வேறுபாடு இருக்கட்டும், அது இருக்கத்தான் செய்யும். ஆனால் பாதிச் சண்டைகளில் இருவருமே பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. குழுவின் பெயர், விட்டுப்போன ஆள், ஒலிப்பதிவின் தரம், விற்பனை, தங்கள் கல்லூரிக் காலம் என்று வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

‘பிற்காலம்’ எங்கே தொடங்குகிறது என்று பேசிக்கொள்ளாமலே இறங்குவது முதல் தவறு. ஃப்ளீட்வுட் மேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் பீட்டர் கிரீன் என்ற கிட்டார் கலைஞர் லண்டனில் தொடங்கிய ப்ளூஸ் குழு அது. 1970இல் அவரே விலகிவிட்டார். பிறகு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். உலகமே கொண்டாடும் ‘ரூமர்ஸ்’ வந்தது 1977இல். அது அவர்களுடைய 11ஆவது ஸ்டுடியோ ஆல்பம். தொடக்கக் காலத்து ஆட்களில் அதில் மிஞ்சியவர்கள் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் வாசித்த ஜான் மெக்வீயும்தான். “பழைய ஆள் இல்லையென்றால் அது அந்தக் குழுவே இல்லை” என்று கறாராகப் பேசுபவர் ‘ரூமர்ஸ்’ஸையும் தூக்கி வெளியே போட வேண்டும். யாரும் போடுவதில்லை. 1980இல் புதிய பாடகர் டியோவை வைத்து பிளாக் சப்பாத் குழு வெளியிட்ட ‘ஹெவன் அண்ட் ஹெல்’, பாடகர் பான் ஸ்காட் இறந்த சில மாதங்களிலேயே பிரையன் ஜான்சனை வைத்து ஏசி டிசி குழு வெளியிட்ட ‘பேக் இன் பிளாக்’ எல்லாம் வந்தால் இந்த விதி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பிடிக்காத ஆல்பத்துக்கு மட்டும்தான் அதை வெளியே எடுக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடுவது. 1986இல் வந்த ‘செவன்த் ஸ்டார்’ பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியின் தனி ஆல்பமாகத்தான் தயாரானது. கம்பெனி நெருக்கியதால் அதன்மேல் பிளாக் சப்பாத் பெயர் ஏறியது. சப்பாத்தின் புகழ்பெற்ற பழைய ஆல்பம் ‘பாரனாய்ட்’ பக்கத்தில் வைத்து அளந்தால் அது பாவம், தோற்கத்தான் செய்யும். ஐயோமியின் தனி முயற்சியாகக் கேட்டுப் பாருங்கள், க்ளென் ஹ்யூஸின் குரலுக்காகவே ஒரு முறைக்கு மேல் ஓடும்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: ஒலியின் குறையைப் பாட்டின் குறையாக எடுத்துக்கொள்வது. ரஷ் குழுவின் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ 2002இல் வந்தது. அதற்கு முன் ஐந்தாண்டு மௌனம். டிரம்ஸ் வாசித்து, வரிகளையும் எழுதிய நீல் பியர்ட் 1997இல் மகளை விபத்தில் இழந்தார், அடுத்த ஆண்டு மனைவியைப் புற்றுநோயில் இழந்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டார். திரும்பி வந்து வாசித்த முதல் ஆல்பம் அது. முதல் பாட்டு டிரம்ஸோடுதான் திறக்கும். ஆனால் அந்தக் காலத்தில் யாருடைய சி.டி. அதிகச் சத்தமாக ஒலிக்கிறது என்று ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. மென்மையான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றி, அதற்குமேல் எழும் ஒலியின் உச்சியை வெட்டிவிடுவார்கள். டிரம்ஸ் அடி அடியாக விழாமல் நசுங்கிப்போய் கிட்டாரோடு கலந்துவிடும். சத்தம் குறையாது, ஆனால் நாலாவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். “பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, இழுவை” என்று பலர் ஒதுக்கியதில் இந்தக் களைப்புக்கும் பங்கு உண்டு. 2013இல் டேவிட் போட்ரில் என்ற தயாரிப்பாளர் மொத்த ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைப் புதிதாகக் கலந்தார். அதே வாசிப்புதான், ஆனால் கருவிகளுக்கு நடுவே இடைவெளி வந்தது. அதைக் கேட்ட பிறகு “இன்னும் பிடிக்கவில்லை” என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளலாம்.

பிங்க் ஃப்ளாய்டின் ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ கதையும் இதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். குழுவின் முக்கியப் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸ் போன பிறகு 1987இல் வந்த அந்த ஆல்பத்தில் வெளியாட்களின் டிரம்ஸும் டிரம் மெஷினும் நிறைய. 2019இல் குழுவின் டிரம்மர் நிக் மேசன் புதிதாக வாசித்த டிரம்ஸையும் ரிக் ரைட்டின் கீபோர்டையும் சேர்த்து இன்னொரு வடிவம் கொடுத்தார்கள். ஆக, இந்த ஆல்பத்தைப் பற்றி யாராவது வாதத்துக்கு வந்தால் எந்த வடிவத்தைக் கேட்டார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

“‘டாட்டூ யூ’வுக்குப் பிறகு வந்ததில் இதுதான் சிறந்தது.” ரோலிங் ஸ்டோன்ஸ் புதிதாக எது வெளியிட்டாலும் இப்படி ஒரு பாராட்டு காதில் விழும். இது பாராட்டா, அனுதாபமா என்றே எனக்குப் பிடிபட்டதில்லை. அதைவிட, ‘டாட்டூ யூ’வே 1981இல் உட்கார்ந்து எழுதிய ஆல்பம் அல்ல. சுற்றுப்பயணம் நெருங்குகிறது, கையில் புதிய ஆல்பம் இல்லை. பழைய ஒலிநாடாக்களைத் துழாவித் தேறியதை எடுத்தார்கள். ‘ஸ்டார்ட் மீ அப்’ 1978 வாக்கில் ரெகே என்ற ஜமைக்கா இசைப் பாணியில் திரும்பத் திரும்ப முயன்று, ஒதுக்கி வைத்த பாட்டு. ‘வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்’ ஜமைக்காவில் 1972 இறுதியில் தொடங்கியது. அதற்கு சாக்ஸபோன் வாசிக்க ஜாஸ் மேதை சானி ரோலின்ஸைப் பின்னால் அழைத்துவந்தார்கள். அதாவது, பிற்கால ஆல்பங்களை அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோலே 70களின் மிச்சம். அதை வைத்துக்கொண்டு “80களில்கூட எப்படிப் பாட்டுப் போட்டார்கள் பார்” என்று பேசினால் கணக்கு உதைக்கும்.

அப்புறம், ஒப்பிடும்போது பழைய பக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்த பத்துப் பாட்டு, புதிய பக்கத்திலிருந்து முழு ஆல்பம் என்று தராசைச் சாய்க்காதீர்கள். பழைய ஆல்பங்களிலும் சுமாரான பாட்டுகள் உண்டு, அவற்றை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். சி.டி. வந்த பிறகு நீளமும் ஒரு தொல்லை. ஸ்டோன்ஸின் பழைய ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ 10 பாட்டு, முக்கால் மணி நேரம். 1994இன் ‘வூடூ லவுஞ்ச்’ 15 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல். இசைத்தட்டில் இடம் இல்லாததால் முன்பு தானாகக் கழிந்தவை சி.டி.யில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. ஐந்து பாட்டைக் கழித்துவிட்டு அதைக் கேட்டால் மதிப்பு ஏறும் என்பது என் துணிபு. எந்த ஐந்து என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிச் சண்டை போட வேண்டியிருக்கும்.

விற்பனையையும் முதல் விமர்சனத்தையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 1982இல் ‘தி ஹூ’ குழுவின் ‘இட்ஸ் ஹார்ட்’ ஆல்பத்துக்கு ரோலிங் ஸ்டோன் இதழ் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதே இதழ்தான் 1969இல் லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தை உதறித் தள்ளியது. இரண்டு தீர்ப்புமே நிலைக்கவில்லை.

வாழ்க்கைக் கதையை மதிப்பெண்ணாக மாற்றுவதிலும் கவனம் வேண்டும். லெட் செப்பலினின் ‘இன் த்ரூ தி அவுட் டோர்’ 1979இல் வந்தது. கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் போதைப் பழக்கத்திலும் டிரம்மர் ஜான் பான்ஹம் குடியிலும் சிக்கியிருந்த நேரம். ஸ்டாக்ஹோமில் ஆப்பா குழுவின் ஸ்டுடியோவில், வேலையைப் பெரும்பாலும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் பேஸும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸும் இழுத்துக்கொண்டு போனார்கள். கிட்டார் பின்னால் போய் சிந்தசைசர் முன்னால் வந்தது ஏன் என்பதற்கு இந்தக் கதை பதில் சொல்கிறது. ‘ஆல் மை லவ்’ 1977இல் இறந்த தன் ஐந்து வயது மகனை நினைத்து பிளான்ட் பாடியது. தெரிந்த பிறகு மனசு இளகும், இளகட்டும். ஆனால் அதற்காக ஆல்பம் முழுவதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஓடும் ‘கேரசலாம்ப்ரா’ எனக்கு இன்றும் இழுவைதான்.

கடைசியாக, கேட்காமலே பேசுவது. கச்சேரிகளில் பழைய பாட்டுதான் ஓடும், புதுப் பாட்டு தொடங்கினால் கூட்டம் பீர் வாங்கக் கிளம்பிவிடும். டோனி மார்ட்டின் பாடிய பிளாக் சப்பாத் ஆல்பங்களில் நான்கு பல ஆண்டுகளாகக் கடையிலும் இல்லை, ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. ஆனாலும் அவை மட்டம் என்ற தீர்ப்பு மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது. 2024இல் நான்கும் ஒரே தொகுப்பாக மீண்டும் வந்தன. ‘ஃபர்பிடன்’ ஆல்பத்தை ஐயோமி இதற்காக ரீமிக்ஸ் செய்தார். அதற்குப் பிறகும் அது தேறவில்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்றான ‘ஹெட்லெஸ் கிராஸ்’ஸைக் கேட்காமல் சப்பாத் 80களில் முடிந்துபோனது என்று சொல்பவரோடு நான் வாதாடுவதாக இல்லை.