வெயில்ல வைக்கிற சென்சாருக்கு லித்தியம் பேட்டரி: எதை வாங்கலாம், எப்படி மாட்டலாம்

போன வருஷம் சித்திரையில மாமனார் போன் பண்ணாரு. "மாப்ள, அந்தப் பொட்டி மூடி தூக்கிட்டு நிக்குதுங்க, உள்ள தவளை கிவளை பூந்துருச்சான்னு தெரியல". பொள்ளாச்சி பக்கம் அவரு தென்னந்தோப்புல மண் ஈரம் பாக்க நான் மாட்டிவிட்ட சென்சார் பொட்டி அது. போய்த் திறந்தா தவளையும் இல்ல ஒண்ணும் இல்ல, உள்ள இருந்த பவுச் பேட்டரி (தட்டையா, மெல்லிசா உறைக்குள்ள வர்ற லித்தியம் பேட்டரி) பூரி மாதிரி உப்பி மூடிய தள்ளிக்கிட்டு இருக்கு. தப்பு என்னோடதுதான். கறுப்புப் பொட்டி, வரப்போரமா நல்ல வெயில், சோலார் பேனலையும் மூடி மேலயே ஒட்டி வச்சிருந்தேன். அன்னிக்கு மத்தியானம் வெளிய 39 டிகிரி, பொட்டிக்குள்ள தெர்மாமீட்டர் விட்டுப் பாத்தா 61.

நெட்ல கிடைக்கிற கைடு பூரா குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணாதன்னு பக்கம் பக்கமா இருக்கும். சரிதான், லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெட்டுரும். ஆனா ஊட்டி, கொடைக்கானல் உச்சிய விட்டா நமக்கு அந்தப் பிரச்சன எங்க இருக்கு? நமக்கு இடிக்கிறது மேல் எல்லை, சாதா லித்தியம் அயான் செல்லுக்கு டேட்டாஷீட்ல (தயாரிக்கிறவன் தர்ற விவரத் தாள்) சார்ஜிங் 45 டிகிரி வரைக்கும்தான் போட்டிருப்பான். இதுல கொடுமை என்னன்னா சோலார்னா பொட்டி எப்ப கொதிக்குதோ அப்பதான் பேனலும் முழு வேகத்துல சார்ஜ் ஏத்தும், அதுவும் 4.2 வோல்ட் ஃபுல்லா நிரம்பி சூட்டுல சும்மா கெடக்குற செல்லுதான் சீக்கிரம் கிழடு தட்டும்.

அதனால எத்தன எம்ஏஎச்னு (மில்லி ஆம்ப் அவர், பேட்டரியோட கொள்ளளவு) பாக்குறத கடைசில வச்சுக்கலாம். மொதல்ல ஒரு நாளைக்கு உங்க சென்சார் எவ்ளோ தின்னுதுன்னு கணக்குப் போடுங்க. 15 நிமிஷத்துக்கு ஒருவாட்டி முழிச்சு 5 செகண்டு வைஃபைல அனுப்புற இஎஸ்பி32னா (வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் சிப்), 80 மில்லி ஆம்ப் வச்சுக்கிட்டா 96 தடவைக்கு 480 செகண்டு, தூக்கத்துல இழுக்கிறதையும் சேத்து நாளைக்கு 11 எம்ஏஎச் பக்கம் வரும். அதே வேலைய லோராவுல (கம்மி கரண்ட்ல ரொம்ப தூரம் அனுப்புற ரேடியோ) ஒரு செகண்டுல முடிச்சா 40 மில்லி ஆம்ப், தூக்கம் 20 மைக்ரோ ஆம்ப், மொத்தம் 1.5 எம்ஏஎச் தான். ஆனா இந்த கணக்கு கடையில ரெடியா கிடைக்கிற டெவ் போர்டை அப்படியே மாட்டினா செல்லாது, அதுல இருக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜ குறைச்சு நிலையா தர்ற சிப்) மட்டுமே சும்மா இருக்கும்போது 5 மில்லி ஆம்ப் கிட்ட முழுங்கும், பவர் எல்ஈடி வேற. எம்சிபி1700 மாதிரி ஒண்ணுக்கு மாறுங்க, அது 2 மைக்ரோ ஆம்ப் கூட எடுக்காது.

நாளைக்கு 2 எம்ஏஎச்க்குள்ள வந்துட்டா சோலாரே வேணாம்னு சொல்லுவேன். ஈஆர்14505னு ஒரு செல் இருக்கு, லித்தியம் தயோனில் குளோரைடு வகை, 3.6 வோல்ட், 2400 எம்ஏஎச்க்கு மேல, 85 டிகிரி வரைக்கும் தாங்கும், வாட்டர் மீட்டர்ல எல்லாம் வருஷக்கணக்கா ஓடுறது இந்த வகைதான். மூணு விஷயம் மட்டும் மனசுல வைங்க. இத சார்ஜ் பண்ணவே கூடாது, வெடிக்கும். பாக்குறதுக்கு அச்சு அசலா டபுள் ஏ செல் மாதிரியே இருக்கும், வீட்ல யாராச்சும் டிவி ரிமோட்ல போட்டா ரிமோட் காலி, அதனால மேல மார்க்கர்ல எழுதி வைங்க. அப்புறம் ரொம்ப நாள் சும்மா கெடந்தா உள்ள ஒரு படலம் படிஞ்சிரும், திடீர்னு கரண்ட் கேட்டா வோல்டேஜ் பொத்துனு விழுந்து போர்டு ரீசெட் ஆகும். பக்கத்துல லீக்கேஜ் கம்மியான ஒரு பெரிய கெப்பாசிட்டர் போட்டா லோரா தாங்கும், வைஃபைக்கு இது வேலைக்கு ஆகாது.

வைஃபைதான் வேணும், சோலார்தான்னா என் ஓட்டு எல்எஃப்பிக்கு, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சாதா லித்தியம் அயான் வர்ற அதே 18650 சைஸ்ல (18 மிமீ குறுக்களவு, 65 மிமீ நீளம்) 1500 எம்ஏஎச் தான் கிடைக்கும், கம்மிதான், ஆனா சூட்டுக்கு அவ்ளோ சீக்கிரம் மிரளாது, 2000 சைக்கிள் (ஒருவாட்டி ஏத்தி இறக்குறது ஒரு சைக்கிள்) சாதாரணமா போகும். இடம் இருந்தா 32700 சைஸ் வாங்குங்க, 6000 எம்ஏஎச். (ஒரு தகவல்: இந்த பாஸ்பேட் கெமிஸ்ட்ரிக்கு அடிப்படை போட்டதுல நம்மூர் ஆறுமுகம் மந்திரத்துக்கும் பங்கு உண்டு, ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவரு, 2019ல லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்காக ஜான் குட்இனஃப்புக்கு நோபல் கிடைச்சப்போ அவருக்குப் பதிலா மேடையேறி உரை வாசிச்சதும் இவருதான்.) ஒரே தொல்லை, இது 3.2, 3.3 வோல்ட்லயே ரொம்ப நேரம் நின்னுட்டு கடைசில டக்குனு விழும், அதனால வோல்டேஜ வச்சு இத்தன பர்சன்ட் இருக்குன்னு சொல்ல முடியாது.

சாதா 18650 தான் கையில இருக்குன்னா அதையும் ஓட்டலாம், நிழல் இருக்கணும். வாங்கும்போது 9900 எம்ஏஎச்னு போட்டிருந்தா கிட்டயே போகாதீங்க, இந்த சைஸ்ல 3500 பக்கம்தான் சாதாரணமா உச்சம். நல்ல செல் 45 கிராம் சுத்தி இருக்கும், டூப்ளிகேட்ட தராசுல வச்சா 30 தான் காட்டும். பழைய லேப்டாப் செல்லுன்னா ஃபுல் சார்ஜ் பண்ணி ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க, 4.1க்குக் கீழ இறங்கிருச்சுன்னா தூக்கிப் போட்ருங்க. நிறைய பேருக்கு தெரியாதது ஒண்ணு: பாசிட்டிவ் மூக்கைச் சுத்தி ஒரு விளிம்பு இருக்கே, அது நெகட்டிவ். மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை அந்த இடத்துல கிழிஞ்சு, மூக்கத் தொடுற ஹோல்டர் தகடு அதையும் தொட்டா நேரா ஷார்ட். உறை கிழிஞ்ச செல்ல அப்படியே மாட்டாதீங்க, செல் மேல நேரா சால்டரும் வைக்காதீங்க, நிக்கல் பட்டை வெல்டு பண்ணதா கேட்டு வாங்குங்க. பாசிட்டிவ் ஒயர்ல செல்லுக்குப் பக்கத்துலயே ஒரு பியூஸ்.

சார்ஜருக்கு எல்லாரும் டிபி4056ங்கிற சிப் தான் எடுக்கிறோம். அது 4.2 வோல்ட் வரைக்கும் ஏத்தும், அதனால எல்எஃப்பிய அதுல மாட்டவே கூடாது, அதுக்கு சிஎன்3058 மாதிரி தனி ஐசி இருக்கு. இன்னொண்ணு, டிபி4056ல சூடு பாக்க ஒரு பின் உண்டு, விக்கிற மாட்யூல்ல அத கிரவுண்ட் பண்ணிதான் அனுப்புறாங்க, அதனால பேட்டரி கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது. நான் டிஎஸ்18பி20ங்கிற சூடு அளக்கிற சென்சார் ஒண்ண செல் மேலயே டேப் போட்டு ஒட்டி, 45 தாண்டினா மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வழியா பேனல கட் பண்ண விட்டுட்டேன். பேனல் பெருசுன்னா போர்டுல 122னு எழுதின குட்டி ரெசிஸ்டர மாத்தி 5கே போடுங்க, சார்ஜ் கரண்ட் 1 ஆம்ப்ல இருந்து 250 மில்லி ஆம்புக்கு இறங்கும், சார்ஜரும் சுடாது. 12 வோல்ட் பேனல இதுல கட்டிராதீங்க, 8 தாண்டினாலே ஐசி போயிரும்.

பொட்டி வெள்ளையா இருக்கட்டும், பேனல் தனியா, நடுவுல நாலு விரக்கடை காத்து ஓடுற இடைவெளி, பேனலோட நிழலே பொட்டி மேல விழுற மாதிரி. ஒயர் கிளாண்ட் (ஒயர் உள்ள போற ஓட்டைய இறுக்கி அடைக்கிறது) கீழ்ப்பக்கம்தான். ஐப்பசி கார்த்திகையில வாரக்கணக்கா மூடாக்கு போடும், பத்து பதினஞ்சு நாள் வெயிலே இல்லாம ஓடுதான்னு கணக்குப் பாத்து செல் சைஸ முடிவு பண்ணுங்க.

உப்பின செல் கிடைச்சா குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ்ல இருந்து கழட்டி மணல் போட்ட தகர டப்பாவுல வச்சு வீட்டுக்கு வெளிய வைங்க. புகைய ஆரம்பிச்சா தள்ளி நில்லுங்க, அந்தப் புகை விஷம். ரீசார்ஜ் செல்லுன்னா தூரத்துல இருந்து நிறைய தண்ணி அடிக்கலாம், தயோனில் குளோரைடு செல்லுக்கு தண்ணி கூடாது, காஞ்ச மணல்தான். தீந்து போனத குப்பைல போடாம இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க, 2022 பேட்டரி கழிவு விதிப்படி திரும்ப வாங்குற பொறுப்பு தயாரிக்கிறவனுக்கு. முனைல டேப் ஒட்டிக் கொடுங்க, ஒண்ணோட ஒண்ணு உரசினா கூட தீப்பிடிக்கும்.

தோப்புல இப்ப எல்எஃப்பி ஓடுது. இந்த மே மாசம் திறந்து பாத்தேன், செல் மேல 43 டிகிரி, 3.31 வோல்ட். மூட மறந்த ஒரு கிளாண்ட் ஓட்ட வழியா பல்லி பூந்து ரெண்டு முட்ட போட்டு வச்சிருக்கு, மாமனார் அது பொரிக்கிற வரைக்கும் பொட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.