ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் லிட்டில்எஃப்எஸ்: எஸ்பிஐ ஃபிளாஷில் ஃபைல் எழுதுவது எப்படி?

சென்சார் அளவுகளைச் சேமிக்க எஸ்டி கார்டு வேண்டாம், எட்டுக் கால் ஃபிளாஷ் சிப் போதும் என்று முடிவு செய்தவர்களுக்கான பதிவு இது. என்னிடம் இருப்பது எஸ்டிஎம்32எஃப்411 போர்டு, வின்பாண்டின் டபிள்யூ25க்யூ128 சிப் (16 எம்பி), மைக்ரோகன்ட்ரோலரில் பல டாஸ்க்குகளை ஓட்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளம். எஸ்பிஐ ஓட்டவும் டாஸ்க் உருவாக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் லிட்டில்எஃப்எஸ்? இது ஃபிளாஷ் சிப்புக்கென்றே எழுதப்பட்ட சின்ன ஃபைல் சிஸ்டம். எஸ்டி கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் டேபிள் கெட வாய்ப்புண்டு. ஒரே செக்டரைத் திரும்பத் திரும்ப அழிப்பதும் அதன் வழக்கம். இந்தச் சிப்பில் ஒரு செக்டர் சுமார் 1 லட்சம் அழிப்பு வரைதான் தாங்கும். ஃபிளாஷுக்கான இன்னொரு ஃபைல் சிஸ்டமான ஸ்பிஃப்ஸில் ஃபோல்டர் கிடையாது. யுஎஸ்பியில் செருகிக் கணினியில் திறக்க வேண்டும் என்றால் மட்டும் ஃபேட்டுக்குப் போங்கள். மற்றபடி லிட்டில்எஃப்எஸ்தான் என் கட்சி.

படி 1: சிப் பேசுகிறதா?

சிப்பின் ஐடியைக் கேட்கும் 9எஃப் கட்டளை அனுப்பினால் ஈஎஃப், 40, 18 என்று மூன்று பைட் வர வேண்டும் (கட்டளைகளும் ஐடியும் எல்லாம் ஹெக்ஸில்). எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் எஃப்எஃப் ஆகவோ வந்தால் வயரிங்கைப் பாருங்கள். ரைட் ப்ரொடெக்ட், ஹோல்ட் இரண்டு கால்களையும் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். சும்மா தொங்கவிடக் கூடாது. இது சரியாகும் வரை ஃபைல் சிஸ்டம் பக்கமே போகாதீர்கள்.

படி 2: நான்கு ஃபங்ஷன்கள்

லிட்டில்எஃப்எஸ் சிப்போடு பேச நம்மை எழுதித்தரச் சொல்வது ரீட் (படிக்க), ப்ரோக் (எழுத), இரேஸ் (அழிக்க), சிங்க். இதில் சிங்க் வெறுமனே பூஜ்யம் திருப்பினால் போதும். ரீட் சுலபம். இரேஸ் என்றால் 06 (ரைட் எனேபிள்), பிறகு 20 கட்டளையும் முகவரியும், பிறகு சிப் வேலையில் இருப்பதைக் காட்டும் பிஸி பிட் இறங்கும் வரை காத்திருப்பு.

என்னை நிறுத்திவைத்தது ப்ரோக். இந்தச் சிப்பில் ஒரு பேஜ் 256 பைட். 02 கட்டளைக்குப் பின் பேஜின் எல்லையைத் தாண்டி டேட்டா அனுப்பினால், சிப் அடுத்த பேஜுக்குப் போகாது. அதே பேஜின் தொடக்கத்துக்குத் திரும்பி, முன்பு அனுப்பியதன் மேலேயே எழுதும். எரர் எதுவும் சொல்லாது.

வெளியே இது தெரிகிற விதம்தான் வேடிக்கை. ஃபார்மட் ஆகும், மவுன்ட் ஆகும் (ஃபைல் சிஸ்டம் பயன்பாட்டுக்குத் திறக்கும்), சில பைட் அளவுள்ள சின்ன ஃபைல் ஒழுங்காக எழுதப்படும். லாக் ஃபைல் கொஞ்சம் வளர்ந்ததும் போர்டு உறைந்தது போல நிற்கும். சில நிமிடம் கழித்து மைனஸ் 28 என்று எரர் வரும். அதாவது இடமில்லையாம்! 16 எம்பியில் சில கேபிகூட எழுதியிருக்க மாட்டோம்.

காரணம் இதுதான். லிட்டில்எஃப்எஸ் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பிளாக் (சிப்பின் செக்டரைத்தான் அது இங்கே பிளாக் என்கிறது) கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அடுத்த பிளாக்கை அழித்து அங்கே எழுதும். டிரைவரே தப்பு என்பதால் அங்கேயும் பொருந்தாது. இப்படியே 4096 செக்டரையும் சுற்றிவரும். ஒரு செக்டரை அழிக்கச் சராசரியாக 45 மில்லி செகண்ட் என்றால், அழிப்பதற்கு மட்டுமே மூன்று நிமிடம். டீபக் பிரிண்டை இயக்கி வையுங்கள், ‘பேட் பிளாக்’ என்று வரிசையாகக் கொட்டும். புதுச் சிப்பில் அப்படி வந்தால் சந்தேகம் டிரைவர் மேல்தான் போக வேண்டும்.

தீர்வு ஒரு லூப். முகவரியை 256-ஆல் வகுத்து வரும் மீதியை 256-இலிருந்து கழித்தால், அந்தப் பேஜில் எவ்வளவு இடம் பாக்கி என்று தெரியும். அந்த அளவோ மிச்சமிருக்கும் டேட்டாவோ, எது குறைவோ அதை மட்டும் அனுப்புங்கள். சிப் செலக்டை உயர்த்தி, பிஸி இறங்கும் வரை காத்திருந்து, அடுத்த துண்டுக்குப் போங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 06 கட்டாயம். ஒரு முறை எழுதியதும் அந்த அனுமதியைச் சிப் தானே ரத்து செய்துவிடும்.

வயரில் போகும் சிக்னலைப் பதிவுசெய்யும் விலை குறைந்த எட்டு சேனல் லாஜிக் அனலைசரும், அதைக் கணினியில் காட்டும் பல்ஸ்வியூ மென்பொருளும் இங்கே கைகொடுக்கும். பல்ஸ்வியூவில் எஸ்பிஐ ஃபிளாஷுக்கென்றே டிகோடர் இருக்கிறது. எஸ்பிஐ வேகத்தை 1 மெகா ஹெர்ட்ஸுக்குக் குறைத்துக்கொண்டு பாருங்கள்.

படி 3: எண்கள்

லிட்டில்எஃப்எஸ்ஸின் கான்ஃபிக்கில் போட வேண்டியவை: ரீட் சைஸ் 256, ப்ரோக் சைஸ் 256, பிளாக் சைஸ் 4096, பிளாக் கவுன்ட் 4096, கேஷ் சைஸ் 256, லுக்அஹெட் 512, பிளாக் சைக்கிள்ஸ் 500.

கேஷை 1024 ஆக்கினால் வேகம் கூடும், ஆனால் திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்த அளவு ரேமைத் தனியாக விழுங்கும். லுக்அஹெட் என்பது எந்த பிளாக் காலி என்று குறித்துவைக்கும் பட்டியல்; அதில் ஒரு பைட் எட்டு பிளாக்குகளைக் குறிக்கும். 512 பைட் கொடுத்தால் சிப் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால், காலி இடம் தேடி ஃபைல் சிஸ்டம் முழுவதையும் அடிக்கடி அலச வேண்டிவரும். அந்த நேரத்தில் எழுதும் டாஸ்க் திடீரென்று தாமதமாகும்.

படி 4: ஆர்டிஓஎஸ் பக்கம்

த்ரெட்சேஃப் மேக்ரோவை டிஃபைன் செய்து, லாக், அன்லாக் ஃபங்ஷன்களில் ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் உள்ளே விடும் பூட்டு) கொடுங்கள். பைனரி செமஃபோர் வேண்டாம், அதில் ப்ரியாரிட்டி இன்ஹெரிடன்ஸ் (பூட்டை வைத்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) கிடையாது. அதே எஸ்பிஐயில் டிஸ்ப்ளேவும் இருந்தால் பஸ்ஸுக்குத் தனியாக இன்னொரு மியூடெக்ஸ்.

அழிக்கும்போது பிஸி பிட்டைச் சும்மா சுற்றிச் சுற்றிப் பார்க்காமல், நடுவில் ஒரு டிக் டிலே வையுங்கள். மற்ற டாஸ்க்குகள் மூச்சு விடும். பேஜ் எழுதும்போது டிலே வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். டிலே இருப்பதால் மவுன்ட்டை மெயினில் செய்ய முடியாது, ஷெட்யூலர் ஓடத் தொடங்கிய பின் ஒரு டாஸ்க்குக்குள் செய்யுங்கள். அந்த டாஸ்க்குக்கு ஸ்டாக் 1024 கொடுங்கள். இங்கே கணக்கு வேர்டில், அதாவது 4096 பைட். ஈஎஸ்பி32-இலிருந்து வருபவர்கள் கவனிக்க: அங்கே அதே எண் பைட்டில்.

படி 5: மவுன்ட்

மவுன்ட் தோற்றால் ஃபார்மட் செய்து மறுபடி மவுன்ட் செய்வதுதான் எல்லா உதாரணங்களிலும் இருக்கும். மேசையில் சரி. வெளியே வைக்கும் கருவியில் அப்படி விடாதீர்கள். ஒரு வயர் தளர்ந்தால்கூட மவுன்ட் தோற்கும். பிறகு ஃபார்மட் ஓடி, சேர்த்த டேட்டா எல்லாம் போய்விடும். முதலில் சிப் ஐடியைப் பாருங்கள். ஃபார்மட்டை ஒரு பட்டனுக்குப் பின்னால் வையுங்கள்.

பின்சேர்க்கை: கேள்விகளில் வந்தவை

“ஒவ்வொரு வரிக்கும் சிங்க் செய்கிறேன், ரொம்ப மெதுவாக இருக்கிறது.” இருக்கத்தான் செய்யும். (இது ஃபைலைச் சிப்பில் பதியவைக்கும் சிங்க், படி 2-இல் நாம் எழுதியது அல்ல.) சிங்க் செய்த பின் ஃபைலின் கடைசியில் சேர்த்தால், பாதி நிரம்பிய பிளாக் புதிதாக அழித்த பிளாக்குக்கு நகலெடுக்கப்படும். வரிகளை ரேமில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதிவிட்டுச் சிங்க் செய்யுங்கள். ஆனால் சிங்க் அல்லது க்ளோஸ் ஆகும் முன் கரன்ட் போனால் அந்த வரிகள் கிடைக்காது. எத்தனை நிமிட டேட்டா போனால் பரவாயில்லை என்பது உங்கள் கணக்கு.

“ஐடியில் முதல் பைட் சி8 என்று வருகிறது.” அது ஜிகாடிவைஸ் சிப். ஜிடி25க்யூ128 என்றால் இதே எண்கள் போதும், ஐடி ஒப்பிடும் வரியை மட்டும் மாற்றுங்கள்.

“மவுன்ட்டில் மைனஸ் 22.” ஃபார்மட் செய்த பிறகு பிளாக் கவுன்ட்டை மாற்றியிருப்பீர்கள். பழைய எண்ணைத் திரும்பப் போட்டால் டேட்டா அப்படியே இருக்கும். புதிய எண்தான் வேண்டும் என்றால் முதலில் ஃபைல்களை யுஆர்ட் (சீரியல் போர்ட்) வழியே வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் ஃபார்மட் செய்யுங்கள்.