இறக்கத்தில் ஓட்ட மின் மவுண்டன் பைக் வாங்குகிறீர்களா? மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள்

மின் மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை நியூட்டன் மீட்டர் (சுழற்றும் விசை), பேட்டரி எத்தனை வாட் அவர் (சேமிக்கும் மின்சாரம்) என்பதுதான். மேட்டில் ஏறிச் சுற்றுவதற்கு என்றால் அது சரியான கேள்வி. மலைப்பாதையில் கீழே இறங்கும் சந்தோஷத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் நிலைமையே வேறு, ஏனென்றால் இறக்கத்தில் மோட்டாருக்கு அநேகமாக வேலையே இல்லை. ஐரோப்பிய விதிப்படி வரும் பைக்கில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் உதவி நின்றுவிடும். அமெரிக்காவில் ‘கிளாஸ் 1’ எனப்படும் மின் பைக் வகையில் 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். நல்ல சரிவில் பெடலை மிதிக்காமலேயே அந்த வேகம் வந்துவிடும். அதற்கு மேல் மோட்டாரும் பேட்டரியும் ஆறேழு கிலோ சுமை, அவ்வளவுதான். அந்தச் சுமையைத் தாங்குவதும் நிறுத்துவதும் பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷனும்தான், அதனால் பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

பிரேக்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்களும் ஹெல்மெட்டும் முதுகுப்பையும் சேர்ந்து 80 கிலோ, பைக் 24 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் உயரம் இறங்கி நின்றால் சுமார் 3 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆனால் செங்குத்தான பாதையில் பெரும்பகுதி ஒரு சாண் அகலமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளில்தான், அதாவது பிரேக் டிஸ்க்குகளில்தான், இறங்குகிறது. என் முதல் மின் பைக்கில் இருந்தது இரண்டு பிஸ்டன் பிரேக், 180 மி.மீ. டிஸ்க். ஒரு நீண்ட இறக்கத்தின் பாதியில் கருகல் வாடை வந்தது, அடுத்த வளைவில் முன் பிரேக் லீவர் மெத்தென்று ஹேண்டில்பார் வரைக்கும் போனது, பைக் நிற்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), முன்னால் 200 அல்லது 220 மி.மீ. டிஸ்க், பின்னால் 200, இதற்குக் குறைந்து எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க்கின் தடிமனையும் கேளுங்கள்: வழக்கமானது 1.8 மி.மீ., கனமான பைக்குக்கு 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளது சூட்டை நன்றாகத் தாங்கும். டிஸ்க்கில் உரசும் பேடு மெட்டாலிக்காக (உலோகக் கலவையாக) இருக்கட்டும், ஈரத்தில் கத்தும், பரவாயில்லை. பெரிய டிஸ்க் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பிரேமும் எந்த அளவு வரை அனுமதிக்கின்றன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

டயரில் ஒரு விஷயம் கவனியுங்கள். விளம்பரத்தில் எடை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சில பைக்குகள் மெல்லிய டயரோடு வரும். மேக்ஸிஸ் டயரில் எக்ஸோ என்று போட்டிருந்தால் அது மெல்லிய சுவர். பாறை நிறைந்த இறக்கத்துக்கு அதைவிடத் தடித்த டபுள்டவுன் அல்லது டிஹெச் சுவர் வேண்டும். டயர் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். முன்னால் மென்மையான ரப்பர், உதாரணத்துக்கு மேக்ஸிஸின் அசகாய் டயரில் மேக்ஸ்கிரிப் என்ற ரப்பர் வகை, பின்னால் கொஞ்சம் கெட்டியானது, 2.4 அல்லது 2.5 அங்குல அகலம், கட்டாயம் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது). மற்றதெல்லாம் பிடித்து டயர் மட்டும் சரியில்லை என்றால் அந்த பைக்கை விட்டுவிட வேண்டாம், டயர் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சஸ்பென்ஷன் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பதுதான் எல்லோரும் பேசுவது. சாதாரண மலைப்பாதைக்கு 140 முதல் 150 போதும், செங்குத்தும் பாறையும் தாவலும் உள்ள பாதைக்கு 160 முதல் 180. அசல் டவுன்ஹில் பைக்கில் இருக்கும் 200 மி.மீ. உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. மி.மீ. அளவைவிட ஃபோர்க்கின் விறைப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கனமான பைக்கை வளைவுக்கு முன் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது மெல்லிய ஃபோர்க் முறுக்கிக்கொள்வது கையில் தெரியும், சக்கரம் நாம் நினைத்த கோட்டில் போகாது. ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஸெப் இரண்டுக்கும் குழாய் விட்டம் 38 மி.மீ., இந்த வேலைக்கு ஏற்றவை. பின் ஷாக்கில் எண்ணெய்க்கென்று தனிச் சிறு தொட்டி இருக்கிறதா பாருங்கள், நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் அது தடுமாறாது. காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ஷாக்கா, கம்பிச் சுருள் ஸ்பிரிங் உள்ள காயிலா என்றால், உங்கள் எடைக்குச் சரியான ஸ்பிரிங் கிடைக்கும் பட்சத்தில் காயில்தான் என் தேர்வு, சின்னச் சின்னக் கற்களில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் எடை கூடும், பிரேமும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது மோட்டார். முழு சக்தி வகையில் பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி801 இரண்டும் 85 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் வந்தவை, 2024-இல் வந்த டிஜேஐ அவினாக்ஸ் 105. இந்த வகை பைக்குகள் பெரும்பாலும் 22 முதல் 26 கிலோ. லேசான வகையில் டிக்யூ ஹெச்பிஆர்50 மாதிரி 50 நியூட்டன் மீட்டர் மோட்டார் இருக்கும், பைக் 16 முதல் 19 கிலோவுக்குள் அடங்கும். கனமான பைக் வேகமான கரடுமுரடான நேர்ப்பாதையில் கல்லைப் பொருட்படுத்தாமல் போகும், எடை கீழே இருப்பதால் வளைவிலும் நிதானம். ஆனால் மரங்களுக்கு நடுவே சட்சட்டென்று திரும்ப வேண்டும், முன் சக்கரத்தைத் தூக்கி வேரைத் தாண்ட வேண்டும் என்றால் அங்கே லேசானதுதான் கை சொன்னபடி கேட்கும். ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்க ஆசைப்படுகிறவர் முழு சக்தி வகையை எடுங்கள், உடம்பு வலுவுள்ளவர், பைக்கை விளையாட்டாக வளைத்து ஓட்டுகிறவர் லேசானதை எடுங்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த பைக் மட்டும் இறக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்தில் எடை ஏறினால் சஸ்பென்ஷனால் அதை வேகமாக மேலும் கீழும் ஆட்ட முடியாது, ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வரும்.

இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஏறுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெடல் இருக்கும் இடத்தில் மோட்டார் வைத்த நடு மோட்டார் பைக்கில் ஏறாது. பெடலை நிறுத்தியதும் பின் சக்கரம் தனியாகச் சுழல்கிறது, மோட்டாரோடு அதற்குத் தொடர்பு இல்லை. 600 வாட் அவர் அளவில் ஒரு பேட்டரி நல்ல நடு வழி. அதற்கு மேல் போகப் போக எடையையும் கீழே சுமந்து வருவீர்கள். விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள், 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

அப்புறம் பிரேம் அளவு. ஹெட் ஆங்கிள், அதாவது முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம், 63 முதல் 65 டிகிரிக்குள் இருந்தால் செங்குத்தில் முன்பக்கம் கவிழ்கிற பயம் குறையும். முன்னால் 29, பின்னால் 27.5 அங்குலச் சக்கரம் உள்ள பைக்கில் பின்னால் சாய்ந்து உட்காரும்போது டயர் உரசாது, குள்ளமானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 160 அல்லது 165 மி.மீ. இருந்தால் பெடல் பாறையில் இடிப்பது குறையும். ஓட்டும்போதே சீட்டைக் கீழே இறக்க உதவும் டிராப்பர் சீட் போஸ்ட் உங்கள் கால் நீளத்துக்கு எவ்வளவு அதிகம் இறங்குமோ அவ்வளவு நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள்: மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு சின்னச் சரிவில் இறங்குங்கள், ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து பைக்கைக் கீழே இறக்கி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சில மோட்டார்களுக்குள் இருக்கும் கிளட்ச், பெடல் மிதிக்காதபோது கடகடவென்று ஆடும். அது பழுது இல்லை, ஆனால் இறங்குகிற நேரமெல்லாம் அந்தச் சத்தத்தோடு ஓட்ட உங்களுக்குச் சம்மதமா என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். பேட்டரி பிரேமுக்குள் ஆடுகிற சத்தம் வேறு, அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பிறகு மோட்டாரைப் போட்டு, பெடலை நிறுத்திய பின்னும் பைக் எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பாருங்கள். மேட்டில் கல்லைத் தாண்ட இது உதவும், கொண்டை ஊசி வளைவில் அதே தள்ளல் உங்களை வெளியே எறியும். இதைக் குறைக்க அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாகப் பைக்கை இடுப்பு உயரத்துக்கு ஒருமுறை தனியாகத் தூக்குங்கள். காரில் ஏற்றும்போதும், பாதை நடுவே மரம் விழுந்து கிடக்கும்போதும் உங்களோடு வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.