வி.பி. 6-இலிருந்து சி ஷார்ப்புக்கு: கணக்கு பிசகாமல் மாற்றுவது எப்படி

வி.பி. 6, அதாவது மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராமிங் மொழி, வந்தது 1998-இல். அதில் எழுதிய பழைய மென்பொருளை சி ஷார்ப் என்ற புதிய மொழிக்கு மாற்றுவது பற்றித்தான் இங்கே பேச்சு. அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதில் செய்த எக்ஸி ஃபைல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன, அதனால்தான் பழைய பில்லிங், ஸ்டாக் மென்பொருள்களை யாரும் தொடாமலேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், கோடிங்கை உடனே ஆரம்பிக்காதீர்கள். பழைய மென்பொருள் தரும் விடைகளை முதலில் சேகரியுங்கள்: ஒரு மாதத்து பில்கள், மாதக் கடைசி ரிப்போர்ட், கேன்சல் ஆன பில், திரும்பி வந்த சரக்கு, எல்லாம். அந்த மாதத் தொடக்கத்தின் டேட்டாபேஸ் பேக்கப்பும் வேண்டும், அதன் மேல்தான் புதியதை ஓட்டி ஒப்பிட முடியும். டாக்குமென்ட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் முதல் வெர்ஷனோடு நின்றிருக்கும்.

கோடில் கழுத்தறுப்பது ரவுண்டிங்தான், அதாவது தசம எண்ணை முழு எண்ணாக்குவது. 2.7-ஐ வி.பி.யில் சிஇன்ட் ஃபங்ஷனால் முழு எண்ணாக்கினால் 3 வரும், சி ஷார்ப்பில் இன்ட் (முழு எண்) டைப்புக்கு காஸ்ட் செய்தால், அதாவது மாற்றினால், 2. அதைவிடக் கூத்து, வி.பி.க்குள்ளேயே 2.5-ஐ ரவுண்ட் ஃபங்ஷன் 2 ஆக்கும், ஃபார்மேட் ஃபங்ஷன் 3 ஆக்கும். பழைய கோடில் எந்த வரியில் எது இருக்கிறது என்று தேடிப் பார்த்து அதேபடி எழுதுங்கள், "சரியாக" எழுதுகிறேன் பேர்வழி என்று திருத்தினால் மொத்தத் தொகை ஒத்துப்போகாது. வி.பி.யில் பணத்துக்கான கரன்சி டைப் இருக்கும் இடத்தில் சி ஷார்ப்பில் டெசிமல் டைப் போடுங்கள், தசமத்தைத் துல்லியமாக வைக்காத டபுள் டைப் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட், அதாவது எரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் வி.பி. கட்டளை. லூப்புக்குள் ஒரு சுற்றில் பூஜ்யத்தால் வகுத்து எரர் வந்தால், வேரியபிளில் முந்தைய சுற்றின் மதிப்பே தங்கிவிடும், அதுவே ரிப்போர்ட்டிலும் ஏறிவிடும். அதாவது பழைய விடையே தப்பு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நீங்களாகத் திருத்தாமல், கணக்குப் பார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஃபங்ஷனுக்கு ஒரு வேரியபிளைக் கொடுக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால், வி.பி. 6-இல் பைரெஃப் (அசல் வேரியபிளே போகும்), சி ஷார்ப்பில் பைவேல்யூ (அதன் நகல்தான் போகும்). ஃபங்ஷனுக்குள் மாறிய தொகை வெளியே மாறாமல் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மாற்றும்போது ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள், அது டேட்டாவைப் படிக்க மட்டுமே செய்யும், எதுவும் கெடாது. பில் போடும் பகுதி கடைசியில். ஒரு மாதக் கடைசியையாவது பழையது, புதியது இரண்டிலும் ஓட்டி, வித்தியாசம் வந்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி வையுங்கள். காரணம் தெரியாத ஒரு வரி மிச்சம் இருந்தாலும் பழையதை நிறுத்தாதீர்கள்.