வேண்டாத நீச்சல் குளத்தை மூடுவது எப்படி?

குழிதானே, மண்ணைக் கொட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் கான்கிரீட் தொட்டி அப்படியே கிடக்க மேலே மண் போட்டால், பெய்கிற மழையெல்லாம் இறங்க வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். தோட்டத்துக்கு அடியில் ஒரு சேற்றுக்குளம்!

அந்த இடத்தில் பிறகு கட்டடம் எழுப்பும் எண்ணமிருந்தால் தொட்டியை முழுதாகப் பெயர்த்தெடுங்கள். புல்லும் செடியும் போதுமென்றால் பாதி உடைத்து மூடலாம், செலவும் குறைவு. இங்கே சொல்வது அந்த வழி.

படி 1: உள்ளாட்சி அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். மோட்டார், விளக்குகளின் மின் இணைப்பை எலக்ட்ரீசியனை வைத்துத் துண்டியுங்கள்.

படி 2: குளோரின் போடுவதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு நீரை இறையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதந்து எழும்பிவிடும். மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே எழும்பும்.

படி 3: தொட்டியின் அடித்தரையில் ஓரடி அகலத்தில் நாலைந்து துளைகள் போடுங்கள். ஆழமான இடத்தில் ஒன்று கட்டாயம். வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்காவிட்டால் இன்னும் தோண்டுங்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிரே இதுதான்.

படி 4: சுவரின் மேல் 2 அல்லது 3 அடியை உடைத்து, கம்பிகளை வெட்டியெடுத்து, இடிபாடுகளை அடியில் பரப்புங்கள். இடுக்குகளை ஜல்லியால் நிரப்பி, மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். நீர் இறங்கும், மண் இறங்காது.

படி 5: இனி மண். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம் என்றால் 1440 கன அடி. இடிபாடும் ஜல்லியும் அடைக்கும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இடித்து இறுக்கினால் மண் அமுங்கும் என்பதால், மிச்சத்துக்குக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடி முதல் ஓரடி வரை போட்டுத் திமிசால் (மண்ணை இறுக்கும் கனமான கட்டை) இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாகி, அழுத்தினால் உடைய வேண்டும். அதுதான் சரியான ஈரம். மரத்துண்டு, கிளை எதையும் உள்ளே போடாதீர்கள். மக்கினால் அந்த இடம் உள்வாங்கும்.

கடைசி முக்கால் அடிக்கு நல்ல மேல்மண். நடுவைச் சற்று மேடாக்குங்கள், எப்படியும் கொஞ்சம் அமிழும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள். வீட்டை விற்கும்போது, வாங்குபவரிடம் அடியில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.