ஈரோட்டு மஞ்சளில் வீட்டுக் குங்குமம்: செய்முறையும் இட்டுக்கொள்ளும் முறையும்

தாலிச் சரட்டுக்கு மஞ்சள், மாரியம்மன் காப்புக்கு மஞ்சள், நோம்பி (ஊர்த் திருவிழா) முடிந்ததும் ஊரே நனையும் மஞ்சள் நீராட்டு. கொங்கு நாட்டில் மங்கலம் என்றாலே மஞ்சள்தான். அந்த மஞ்சள் சிவந்து நெற்றிக்கு ஏறினால் குங்குமம். புருவ மத்தி யோகத்தில் சொல்லும் ஆக்ஞா சக்கரம் என்பதும், சிவனின் நெற்றிக்கண் இருக்கும் இடம் என்பதும் அதற்கு மேல் சேரும் பொருள்கள். ஆகவே பொட்டில் மஞ்சள் இருந்தாக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, மாவில் சாயம் ஏற்றியவை.

வீட்டில் முதல்முறை செய்பவர்கள் கால் கிலோவில் தொடங்குங்கள். காய்ந்த கிழங்கு மஞ்சள் 250 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 25 கிராம், படிகாரம் 25 கிராம், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 150 மில்லி (பழம் ஏழெட்டு ஆகும்), கடைசியில் நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன். வெங்காரமும் படிகாரமும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெங்காரம் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மஞ்சளில் விரலி, கிழங்கு என்று இரண்டு உண்டு. உருண்டையான கிழங்குதான் குங்குமத்துக்கு வழக்கம். கஸ்தூரி மஞ்சள் வேண்டாம். அதில் நிறம் தரும் குர்குமின் குறைவு, சிவக்காது. பளபளவென்று மெருகேற்றியதைவிடப் பாலிஷ் போடாததே நல்லது. வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தை, மாசியில் அறுப்புக்கு வரும். வேகவைத்துக் காயப்போட்ட புது மஞ்சள் கிடைக்கும் மாசி, பங்குனியே இந்த வேலைக்கு ஏற்ற காலம். காற்றில் ஈரமும் இருக்காது.

மஞ்சளைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் சாறு உள்ளே இறங்காது. வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள் என்று நின்றுவிடும். வெங்காரத்தையும் படிகாரத்தையும் தனித்தனியே பொடித்து, சாற்றில் நன்றாகக் கரைத்து, மஞ்சளில் ஊற்றிப் பிரட்டுங்கள். பாத்திரம் பீங்கானாக இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் புளிப்போடு வினைபுரிந்து நிறத்தைக் கெடுக்கும். காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிளறிவிட, இரண்டு மூன்று நாளில் சாறு முழுதும் மஞ்சளுக்குள் போய்விடும். வெங்காரத்தில் உள்ள போரான் புளிப்பின் துணையோடு குர்குமினைப் பற்றிக்கொள்வதால்தான் இந்தச் சிவப்பு வருகிறது. ஆலாத்தி (ஆரத்தி) சுற்றும் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அது வேறு: காரத்தால் வரும் சிவப்பு. அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பை மட்டும் சேர்த்துச் செய்த குங்குமம் நாள்பட மங்குவதும் இதனால்தான். தோலையும் அது அரிக்கும்.

இனி உலர்த்த வேண்டும். வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெயில் குர்குமினைச் சிதைக்கும். ஒரே நாளில் காய்ந்தாலும் நிறம் செங்கல்பொடி மாதிரி ஆகிவிடும். விரலால் ஒடித்தால் ‘சடக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, இடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். உலர்ந்ததைக் கல் உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கையால் பிசறுங்கள். எண்ணெய் குறைந்தால் பொட்டு மூக்கில் கொட்டும். கூடினால் கட்டி தட்டி நெற்றியில் வழியும். வெளிர் ஆரஞ்சாக நின்றுவிட்டால் வெங்காரம் குறைவு அல்லது மஞ்சள் பழசு. வீட்டுக் குங்குமம் கடைக் குங்குமம்போல ரத்தச் சிவப்பாக இருக்காது. சற்று அடர்ந்த, மண் கலந்த சிவப்புதான் அதன் உண்மையான நிறம்.

கடைக் குங்குமத்தைச் சோதிக்க, ஈர விரலால் உள்ளங்கையில் தேயுங்கள். மஞ்சள் கறை படிந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாவிட்டால் சாயம்.

இட்டுக்கொள்வது மோதிர விரலால். சுமங்கலிகள் தாலியில், நெற்றியில், வகிட்டில் வைப்பார்கள். வகிடு மகாலட்சுமி இருக்கும் இடம் என்பது நம்பிக்கை. ஆண்கள் திருநீறு பூசியபின் நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைப்பார்கள். திருநீற்றின் மூன்று கோடுகள் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களைக் குறிக்கும். வைணவர் திருமண்ணின் நடுவே இடும் சிவப்புக் கோடு ஸ்ரீசூர்ணம். பண்ணாரி மாரியம்மன் கோயிலில் திருநீறாகத் தருவது புற்றுமண். அதைக் குங்குமச் சிமிழில் கலக்காமல் தனியே மடித்து வையுங்கள். கைக்குழந்தைக்குக் குங்குமம் வேண்டாம், கண்ணேறுக்கு மைப்பொட்டே வழக்கம்.

கணவரை இழந்தவர்கள் பொட்டு வைக்கலாமா என்ற கேள்வி இன்னும் வருகிறது. தாராளமாக வைக்கலாம். நெற்றிப் பொட்டு சிறுவயதிலிருந்தே வருவது. கல்யாணத்தால் சேர்ந்தது தாலியும் வகிட்டுக் குங்குமமும்தான். கல்யாணத்தோடு வராத ஒன்றைக் கணவர் போனதும் அழிக்கச் சொல்வதில் நியாயமே இல்லை.

ஸ்டிக்கர் பொட்டைப் பொறுத்தவரை, சிலவற்றின் பசையில் இருக்கும் பியூட்டைல் ஃபீனால் வகை வேதிப்பொருள் தோலின் நிறமிச் செல்களைக் கெடுத்து, ஒட்டிய இடத்தை வெண்புள்ளியாக்கும். அரிப்போ வெளிறலோ தெரிந்த அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் எப்படியும் எடுத்துவிட வேண்டும். குங்குமம் கொட்டுகிறது என்று ஸ்டிக்கருக்குப் போனவர்கள், துளி தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி ஆறவைத்து, நெற்றியில் ஒற்றி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்துப் பாருங்கள். சாயங்காலம் வரை நிற்கும்.