காணிப் பத்திரத்தை மூண்டாப் பிரிச்ச கதை

ஒட்டுசுட்டான் காணிப் பெர்மிட், வரைபடங்கள், பழைய கடிதங்கள் எல்லாம் ஸ்கான் பண்ணினால் 44 பக்கம், 38 எம்பி. ஜிமெயிலில 25 எம்பிக்கு மேல இணைக்க ஏலாது. டிரைவ் லிங்க் அனுப்பினால் கனடா அக்கா பயத்தில திறக்கவே மாட்டா.

பிடிஎஃப் கோப்புகளை வெட்டித்தாற ஐலவ்பிடிஎஃப் தளத்தில 'ஸ்பிளிட்' குடுத்து 1-22, 23-44 எண்டு பிரிச்சன். முதல் பாதி 9 எம்பி, மற்றது 29! பக்கத்தைப் பாதியாக்கினால் எடை பாதியாகாது. கலர் வரைபடங்கள் முழுக்க பின்பாதியில. பிறகு 23-30, 31-44 எண்டு திருப்பி வெட்டினன், சரிவந்திது. அடையாள அட்டையை மட்டும் ஸ்கானிலயே சேர்க்கேல்லை. எங்கேயோ கிடக்கிற அந்தத் தளத்தின்ர சேர்வரில அதை ஏத்த மனம் வரேல்லை.

மூண்டு மெயில் போட்டன். "மூண்டாவது எங்கயடா?" எண்டு அக்கா கோல். ஸ்பாமுக்குள்ள கிடந்ததாம்.